வால்வு திருப்பப் போனவர்

'மனிதன் மரமல்ல. அவனுக்கு வேர்கள் கிடையாது. பாதைகள் மட்டுமே உண்டு.'

இந்த மகத்தான உண்மை, ஓரடி உயர மஞ்சள் எழுத்தில், ஒரு வேனின் முதுகில் எழுதப்பட்டிருந்தது. மூன்று வருடம் தேசம் முழுக்கச் சுற்றுவதற்காகக் கோயமுத்தூரிலிருந்து புறப்பட்ட அந்த வேனை, பயணத்தின் இரண்டாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு அவிநாசியில் காணவில்லை.

வேனோடு சேர்த்து அதன் உரிமையாளர் திருமூர்த்தியையும் காணவில்லை.

அவர் மனைவி குழந்தையம்மாள் வாசலில் நின்று, நேற்று வேன் நின்றிருந்த இடத்தைப் பார்த்தாள். கோலம் போட வசதியாகக் காலியாகக் கிடந்தது. உள்ளேயிருந்து காபி டம்ளரோடு வந்தாள் சாமியாத்தாள். திருமூர்த்தியின் அக்கா. கொங்கு வழக்கில் நாத்தனாரும் நங்கையாதான், அண்ணியும் நங்கையாதான். அந்த வீடு அவளுடையதுதான்.

"தம்பி எங்க கண்ணு?"

"தெரியலீங்க நங்கையா. வண்டியையுங் காணோம்."

"உன்னைய என்ற ஊட்டுல உட்டுப்போட்டு அவன் மட்டும் ஊர் சுத்தக் கெளம்பிட்டானா?"

"அப்படிப் போறதுன்னா என்ற பையைக் குடுத்துட்டுப் போகோணுமுல்லீங்க. சுவெட்டரு அதுலதான் இருக்குது."

சுவெட்டர் என்பது சாதாரண விஷயமல்ல. ஐம்பத்தைந்து வயதில் குழந்தையம்மாள் தனக்காகக் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அது. காஷ்மீரில் பனியைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டைச் சுரண்டும்போதெல்லாம் அவளுக்கு அந்த நினைப்பு வரும்.

ஏழே முக்காலுக்கு வேன் வந்தது. அதிலிருந்து இறங்கிய திருமூர்த்தியின் முகம், பெரிய வித்தியாசத்தில் தேர்தலில் ஜெயித்தவர் முகம் போலப் பொலிந்தது.

"எங்கீங்க போயிட்டீங்க?"

"கோயமுத்தூருக்குத்தான். கண்ணாடிய மறந்துபோட்டேன் அம்மணி."

"மூக்கு மேல இருக்குதே."

"இது தூரத்துல பாக்கறதுக்கு. படிக்கறதுக்கு வேற வேணுமுல்ல?" என்றவர், அக்காவின் பக்கம் திரும்பினார். "பயணம்ங்கறது என்ன தெரியுமாக்கா? மறந்ததைத் தேடிப் போறதுதான் பயணம்."

"அப்படீன்னா நான் தெனமும் நாலு தடவை சமையக்கட்டுக்குப் பயணம் போறேன்டா," என்றாள் சாமியாத்தாள்.

இந்த இடத்தில் திருமூர்த்தி எப்படி நாடோடி ஆனார் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கணபதியில் அவருக்குப் பம்ப்செட் பட்டறை இருந்தது. முப்பத்து மூன்று வருடம் நடத்தி, அறுபது முடிந்ததும் மகன் மதன்குமாரிடம் ஒப்படைத்தார். அதை முன்னிட்டுப் பம்ப்செட் உற்பத்தியாளர் சங்கத்தில் பாராட்டு விழா எடுத்தார்கள். சால்வை, கேடயம், மைக். மைக் கையில் வந்ததும் திருமூர்த்திக்கு எப்போதும் தன் உயரத்தைவிட அரையடி கூடிவிடும். "வீடு, வாசல், சொந்தம், சுகம் என்று ஓரிடத்தில் தேங்கிக் கிடப்பதா வாழ்க்கை?" என்று ஆரம்பித்தார். கைதட்டினார்கள். "நான் ஓடும் நீராக விரும்புகிறேன்" என்றார். பம்ப்செட் செய்கிறவர்கள் ஓடும் நீருக்குக் கைதட்டாமல் வேறு எதற்குத் தட்டுவார்கள்? மூன்றாவது கைதட்டலில் நிலை தடுமாறி, "மூன்று வருடம் வீடு திரும்பாமல் இந்தியாவைச் சுற்றப் போகிறேன், என் துணைவியோடு" என்று முடித்துவிட்டார்.

மறுநாள் பேப்பரில் படத்தோடு வந்துவிட்டது. பேப்பரில் வந்ததைத் திரும்ப வாங்க முடியாது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த குழந்தையம்மாளுக்குக் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். என் துணைவியோடு. முப்பத்து மூன்று வருட இல்லறத்தில் அந்த மனிதரோடு அவள் வெளியூரில் ஓர் இரவுகூட முழுசாகத் தங்கியதில்லை. ஊட்டிக்குப் போனால் காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்கிவிடுவார். திருப்பதிக்குப் போனார்கள், பெருமாளைப் பார்த்த கையோடு பஸ் பிடித்துவிட்டார். மகன் கல்யாணம் திருப்பூர் மண்டபத்தில் நடந்தது. முகூர்த்தத்தன்று விடியற்காலம் மாப்பிள்ளையின் அப்பாவைக் காணோம் என்று மண்டபமே தேடியது. தாலி கட்ட அரை மணி நேரம் இருக்கையில் காரிலிருந்து இறங்கினார். "பட்டறையில கரண்ட் பிரச்சினை," என்றார். தொழில் பக்தி என்றால் இதுதான் என்று ஒரம்பரை சனம் மொத்தமும் மெச்சியது. ஒரம்பரை என்றால் சொந்தபந்தம், விருந்தாளி எல்லாம்தான். கொங்கு நாட்டில் இரண்டும் ஒன்று.

ஆகவே இந்தப் பயணம் யாருக்காக நடந்தாலும், குழந்தையம்மாளுக்குக் கிளம்பியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சுவெட்டரை, வீடு இருக்கும் சாயிபாபா காலனி வெயிலில்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

வேனை ஆறு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்தார் திருமூர்த்தி. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரையில் சூரியத் தகடு, மூலையில் ஒரு கழிவறை. வந்து பார்த்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். "ஊட்டுல என்னென்ன இருக்குதோ அத்தனையும் அச்சு அசலா இதுலயும் இருக்குது. கம்பெனி கூட மாத்துல. அப்பறம் எங்க போனா என்ன?"

போவதற்கு முன் ஒரே ஒரு காரியம் பாக்கி இருந்தது. சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்வது.

"அஞ்சு ஊர்ல பதினாலு ஊடு இருக்குது அம்மணி," என்று பட்டியலை நீட்டினார். "ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டு இன்னொருத்தருக்குச் சொல்லாமப் போனா, மூணு வருசங் கழிச்சு மூஞ்சில முழிக்க முடியுமா?"

இதற்கு மறுப்புச் சொல்லும் துணிச்சல் கொங்கு நாட்டில் இதுவரை யாருக்கும் வந்ததில்லை. குழந்தையம்மாளுக்கும் வரவில்லை. சொல்லப் போன வீட்டில் சாப்பிடாமல் வர முடியாது; சாப்பிட்டவர்களை உடனே விடமாட்டார்கள். "இருந்துட்டு நாளைக்குப் போங்க," என்பார்கள். நாளைக்கும் அதையே சொல்வார்கள். அப்படித்தான் முதல் வீடான அவிநாசியிலேயே இரண்டாம் நாள் விடிந்தது.

மூன்றாம் நாளும் அவிநாசியிலேயே விடிந்தது. வேனைக் காணோம்.

"மோட்டார் சுவிட்ச அமத்தினமா இல்லையான்னு ஒரே வெசனமாப் போயிருச்சு," என்றார், எட்டு மணிக்கு வந்து.

"அமத்தியிருந்துச்சுங்களா?"

"அமத்தித்தான் இருந்துச்சு. போய்ப் பாத்தாத்தானே தெரியும்?"

குழந்தையம்மாள் பட்டறைக்காரர் வீட்டில் வாக்கப்பட்டவள். ஒரு கோளாறு இரண்டாம் முறை வந்தால் அதற்கு மருந்து பார்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அன்று மத்தியானமே உட்கார்ந்து, வீட்டில் மறந்திருக்கக்கூடிய பொருள் அத்தனைக்கும் ஒரு பட்டியல் எழுதினாள். சாமியாத்தாளும் நினைவுபடுத்தி உதவினாள்.

"நாளைக்கு ஒரே நடையா இது அத்தனையும் எடுத்துட்டு வந்துருங்க. அதுக்கப்பறம் திரும்பிப் போறதுக்கு ஒண்ணும் மிச்சமிருக்கப்படாது."

நாலாம் நாள் காலை அவர் சந்தோஷமாகப் போனார். திரும்பி வந்த வேனில் ஆறு மூட்டை, ஒரு சுவர்க்கடிகாரம், இஸ்திரி மேசை, மாவு அரைக்கும் கிரைண்டர் எல்லாம் இருந்தன. கட்டில் மேல் மூட்டைகள், அடுப்பின் மேல் மூட்டைகள், கழிவறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தபடி கிரைண்டர். வேனுக்குள் இனி ஒருவர் ஒருக்களித்து நிற்கலாம், அவ்வளவுதான். அதுவரை ஆசைக்காவது ஒரு நாள் வேனில் படுக்கலாம் என்று இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. கட்டில் மெத்தையின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. அடுப்பின் அட்டைப்பெட்டி அப்படியே இருந்தது. எதன் மேலும் ஒட்டியிருந்த கம்பெனிச் சீட்டுக்கூட உரியவில்லை. இனி உறவினர் வீட்டில் தங்குவதைத் தவிர வேறு வழியே இல்லை.

ஐந்தாம் நாள் காலை அவரைக் காணோம்.

இந்த முறை காரணம் சிறுவாணி.

கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் என்பது தாய்ப்பாலுக்கு அடுத்தபடி. சாயிபாபா காலனி வீட்டு மாடியில் இரண்டு தொட்டிகள் உண்டு. ஒன்று சிறுவாணிக்கு, ஒன்று உப்புத் தண்ணீருக்கு. கீழே இரண்டு வால்வு. எது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது திருமூர்த்தி ஒருவருக்குத்தான் தெரியும்.

"வால்வ மாத்தித் திருப்புனா நல்ல தண்ணித் தொட்டியில உப்புத் தண்ணி ஏறிக்கும் அம்மணி. ஊடே நாறிப் போகும்."

"ஊட்டுல யாருமே இல்லியேங்க. யாருக்குங்க நாறப் போகுது?"

"தொட்டிக்குன்னு ஒண்ணு இருக்குதல்ல."

குழந்தையம்மாள் மதன்குமாருக்குப் போன் போட்டாள். அவன் சரவணம்பட்டியில் தனியே ஃபிளாட்டில் இருந்தான்.

"கண்ணு, போய் அந்த வால்வைத் திருப்பக் கத்துக்கடா. உங்கப்பா அவிநாசிய உட்டே நகர மாட்டீங்கறாரு."

"நான் அப்பவே கேட்டேம்மா. எனக்குச் சொல்லிக் குடுக்க மாட்டீங்கறாரு. உனக்கு வராதுங்கறாரு."

"வால்வு திருப்பறதுல வர்றதுக்கும் வராததுக்கும் என்னடா இருக்குது?"

"அதைத்தான் நானும் கேட்டேன். வேரைப் பத்தி ஒரு அரை மணி நேரம் பேசிப்போட்டுப் போனை வச்சுட்டாரு."

அவிநாசிக்குப் பிறகு பொள்ளாச்சி. பிறகு கோபி. ஒவ்வொரு ஊரிலும் மூன்று நாள், நாலு நாள். ராத்திரி சாப்பாட்டில் திருமூர்த்தி இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ள மாட்டார். "பயணிக்கு வயிறு லேசா இருக்கோணும்," என்பார். எதிரே இருப்பவர்கள் தங்கள் இலையை வெட்கத்தோடு பார்த்துக்கொள்வார்கள். விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து, முகம் சுண்டி, வாசலில் இப்படியும் அப்படியும் நடப்பார். பிறகு வேன் சத்தம் கேட்கும். காலை இட்டிலி வேகும்போது, மலர்ந்த முகத்தோடு திரும்பி வந்து, பாதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே எட்டு இட்டிலி சாப்பிடுவார்.

கோபியில் இருக்கும்போதுதான் குழந்தையம்மாளுக்கு அந்த யோசனை தோன்றியது. வீடு காலியாக இருப்பதுதான் கோளாறு. வீட்டில் ஆள் வந்துவிட்டால் இவருக்கு அங்கே என்ன வேலை?

"ஏனுங்க, ஊட்டை வாடகைக்கு உட்டுப்போடலாம்."

திருமூர்த்தியின் கையிலிருந்த இட்டிலி, பாதி வழியில் நின்றது.

"நம்ம ஊட்டையா?"

"மூணு வருசம் சும்மா பூட்டிக் கெடக்கறதுக்கு? வேரில்லாத மனுசனுக்கு ஊடு எதுக்குங்க? நீங்கதானே மைக்குல சொன்னீங்க. பேப்பர்ல கூட வந்துச்சே."

இட்டிலியைத் திரும்பத் தட்டில் வைத்தார். "பொறவு பாக்கலாம்," என்றார்.

"பொறவு எதுக்குங்க? மதன் ஏற்கெனவே ஆள் பாத்துட்டான்."

மிதுன், நந்திதா என்று புதுசாகக் கல்யாணமான ஜோடி. இரண்டு பேரும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அந்த வாரமே குடி வந்தார்கள். ஒப்பந்தப் பத்திரத்தைத் திருமூர்த்தி மூன்று முறை படித்துவிட்டு, அதில் ஒரே ஒரு வரியைத் தன் கையால் சேர்த்தார்: 'உரிமையாளர் எந்த நேரத்திலும் கட்டடத்தின் எந்தப் பகுதியையும் பார்வையிடலாம்.' நந்திதா அதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பெரியவர்கள் வீட்டின் மேல் பிரியமாக இருப்பது நல்லதுதானே என்று அவளுக்குத் தோன்றியது.

சாவியைக் கொடுத்த அன்று, குழந்தையம்மாள் தன் கையைப் பார்த்தாள். கைக்கு வளையல் கழற்றியது மாதிரி இருந்தது. இனிப் பாதிவழியில் மனசு மாறினாலும் திரும்ப வீடு கிடையாது. இருக்கட்டும். ஒரேயடியாகக் கிளம்பிவிடலாம்.

அடுத்த ஊர் தாராபுரம். அவளுடைய அண்ணன் வேங்கடசாமியின் தோட்டத்து வீடு. கோயமுத்தூரிலிருந்து போகவும் வரவும் நூற்று எழுபது கிலோமீட்டர். இங்கிருந்து எந்தக் கிறுக்கனும் விடியற்காலம் வால்வு திருப்பக் கிளம்ப மாட்டான் என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் வேனைக் காணோம்.

ஒன்பது மணிக்குப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து சேர்ந்தார். அந்தப் பொலிந்த முகம்.

"குடி வந்த புள்ளைகளுக்கு வால்வு புடிபடல அம்மணி. சின்னஞ்சிறுசுக. நாமதானே பாத்துக்கோணும்?"

வேங்கடசாமி தென்னை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பயணம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே அதை நம்பாத ஒரே மனிதர் அவர். வேனின் முதுகைச் சாவகாசமாகப் படித்தார்.

"பாதைகள் மட்டுமே உண்டு. செரி. ஆனா மாப்பிள்ளை, எல்லாப் பாதையும் சாயிபாபா காலனிக்கே போகுதே, அது எப்படீங்க?"

"பெரிய ஆத்துக்குத் துணையாறுக இருக்கற மாதிரி மச்சான். சுத்திச் சுத்தி வந்துதான் கடலுக்குப் போகோணும்."

"கடலுக்குப் போற ஆறு எதுவும் தெனமும் காலைல திரும்பி மலையேறி நான் பாத்ததில்லீங்க."

அது ஆறு நாள் நடந்தது. நூற்று எழுபது, நூற்று எழுபது என்று ஆறு முறை. ஏழாம் நாள் வேங்கடசாமியின் மனைவி கருப்பாத்தாள், குழந்தையம்மாளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவை ஒருக்களித்தாள்.

"ஏம்மணி, தப்பா நெனச்சுக்காத. போறப்ப பாத்தா ஆசுபத்திரிக்குப் போறவரு மாதிரிப் போறாரு. வர்றப்ப பொண்ணு பாத்துட்டு வர்ற மாப்பிள்ளையாட்டம் வர்றாரு. கோயமுத்தூர்ல வேற எதாச்சும்…"

"வேற எதாச்சும்னா?"

"அதான், தொடுப்பு கிடுப்பு."

குழந்தையம்மாள் சிரித்துவிட்டாள். அப்படி ஒரு சிரிப்பு அந்தச் சமையலறையில் வந்து வெகுநாள் ஆகியிருக்கும்.

"அவருங்களா நங்கையா? ஒரு பொம்பள எதிர்ல உக்காந்தா மொத பத்து நிமிசம் வேரு, அடுத்த பத்து நிமிசம் ஓடற தண்ணி. எவளாச்சும் காசு குடுத்தாக் கூட அதைக் கேட்டுட்டு உக்காந்திருப்பாளுங்களா? நானே தாலி கட்டிக்கிட்டதால கேட்டுட்டு இருக்கறேன்."

சிரித்தாளே தவிர, கேள்வி அவளோடு கூடவே வந்தது. தொடுப்பு இல்லை. வால்வு இல்லை. கண்ணாடி, சுவிட்ச் எதுவும் இல்லை. பின் என்ன?

பட்டியலில் கடைசி வீடு மதுக்கரையில் இருந்தது. வேங்கடசாமியின் மகள் லோகப்பிரியாவைச் சிமெண்ட் ஆலை இன்ஜினியருக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்கப்புறம் வாளையாறு, கேரளா, மேற்குக் கடலோரமாகவே ஏறி ஏறிக் காஷ்மீர். திருமூர்த்தி வேனின் பக்கவாட்டில் வரைந்து வைத்திருந்த வரைபடத்தில் சிவப்புக் கோடு அப்படித்தான் போயிற்று.

மதுக்கரைக்கு வந்து சேர்ந்தபோது வேன் இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர் ஓடியிருந்தது. நேராக ஓட்டியிருந்தால் ஏறக்குறைய டெல்லிக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். அவர்கள் புறப்பட்டு இருபத்தாறு நாள் ஆகி, வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தூரம் வந்திருந்தார்கள்.

"அத்தை, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க," என்றாள் லோகப்பிரியா.

"உங்க மாமனைக் கேளு."

"இருக்கலாமே," என்றார் திருமூர்த்தி உடனே. "அவிநாசியில நம்ம சாமியாத்தா அக்காவுக்குக் கூட நாம கெளம்பினதைச் சரியாச் சொல்லலையோன்னு இருக்குது."

"அங்க நாலு நாள் இருந்து சாப்பிட்டமேங்க," என்றாள் குழந்தையம்மாள். பிறகு, முப்பத்து மூன்று வருடத்தில் அவள் உபயோகிக்காத ஒரு குரலில் சொன்னாள்: "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வாளையாறு தாண்டறோம். ஒரம்பரை தீந்துபோச்சுங்க. இனி ஊருதான் பாக்கி."

மைக் எதுவும் இல்லாததால் திருமூர்த்தி படுக்கப் போய்விட்டார்.

விடியற்காலம் வேன் சத்தம் கேட்டது. குழந்தையம்மாள் எழுந்திருக்கவில்லை. பாயில் படுத்தபடியே, சத்தம் கோயமுத்தூர் பக்கமாகத் தேய்ந்து போவதைக் கேட்டாள்.

எட்டு மணிக்கு அவள் லோகப்பிரியா வீட்டு முன்கட்டில், முந்தின நாளே வேனிலிருந்து எடுத்து வைத்த சுவெட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாம்பல் நிறம். கழுத்தில் ஒரு ரோஜாப் பூ பின்னல். கடைக்காரப் பெண் மைனஸ் பத்து வரை தாங்கும் என்று சொல்லியிருந்தாள்.

இப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்த மனிதர் வீட்டை விட்டு இருக்க முடியாதவர். ஒவ்வொரு செங்கலும் அவர் பார்த்துக் கட்டியது. மைக்கில் ஏதோ வீறாப்பாகப் பேசிவிட்டார், பேப்பரில் வந்துவிட்டது, அதற்காக வேனும் செய்துவிட்டார். ஆனால் மனசு அந்தச் சுவரை விட்டு நகர மாட்டேன் என்கிறது. அதனால்தான் தினமும் விடியற்காலம் ஒரு பக்தன் கோயிலுக்குப் போவது போல் போய்ப் பார்த்துவிட்டு, அந்த முகத்தோடு வருகிறார். ஊட்டி, திருப்பதி, மகன் கல்யாணம், எல்லாம் தொழில் பக்தி இல்லை. வீட்டின் மேல் வைத்த பிரியம். அந்த வீட்டைத்தான் அவள் பிடிவாதமாக யாருக்கோ வாடகைக்கு விட்டுவிட்டாள்.

லோகப்பிரியா காபி கொண்டுவந்தாள். "ஏனுங்க அத்தை, கண்ணு கலங்கியிருக்குது?"

"ஒண்ணுமில்ல கண்ணு. இந்தச் சுவெட்டர் உனக்குச் சரியா இருக்குமா பாரு. வால்பாறைக்குப் போனாப் போட்டுக்கலாம்."

"நீங்க காஷ்மீருக்கு வாங்கினதுங்க."

"உங்க மாமனுக்கு ஊடுதான் காஷ்மீரு. வந்ததும் சொல்லிப்போட்டு ஊட்டுக்கே போயிரலாம்னு இருக்கறேன். அந்தப் புள்ளைகளுக்கு வேற ஊடு பாத்துக் குடுக்கச் சொல்லி மதன்கிட்டச் சொல்லோணும். பனி அங்கயேதான் இருக்கும். எங்க போயிரப் போகுது?"

சொல்ல வேண்டியதை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஏனுங்க, போதுங்க. நீங்க கெளம்பினதா ஊரு நம்பிருச்சு, அது போதும். இனி ஊட்டுக்கே போலாம். நன்றாகத்தான் இருந்தது. சுவெட்டரை நான்காக மடித்து லோகப்பிரியாவின் கையில் கொடுத்தாள்.

அப்போது போன் அடித்தது. நந்திதா.

"ஆன்ட்டி, நல்லாருக்கீங்களா? தொந்தரவு பண்ணிட்டனுங்களா?"

"இல்ல கண்ணு, நானே கூப்பிடோணும்னு இருந்தேன். தண்ணியெல்லாம் வருதா? வால்வு புடிபட்டுதா?"

"அதெல்லாம் மிதுன் மொத நாளே கத்துக்கிட்டாருங்க. அம்புக்குறி போட்டிருக்குதே."

குழந்தையம்மாள் லோகப்பிரியாவின் கையிலிருந்த சுவெட்டரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப உங்க அங்கிள் தெனமும் அங்க வந்து என்ன கண்ணு பண்றாரு? சுத்திப் பாப்பாரா? சுவரைத் தொட்டுப் பாத்துட்டு நிப்பாரா?"

"அப்படியெல்லாம் எதும் பாக்க மாட்டாருங்க. நேரா மேல போயிருவாரு. வேகமாத்தான் போவாரு. அதுபத்தித்தான் ஆன்ட்டி… கம்ப்ளெயிண்ட் எல்லாம் இல்லீங்க. மிதுனோட அப்பா பவானியிலிருந்து வந்திருக்காரு. அவருக்கும் காலைல ஆறு மணிதானுங்க நேரம். இன்னைக்கு ரெண்டு பேரும் கதவுகிட்ட ஒண்ணா நின்னுட்டாங்க. அங்கிள் ஆறரைக்கு வந்தாருன்னா சௌகரியமா இருக்கும். அவருகிட்ட நேரா எப்படிச் சொல்றதுன்னு…"

"எந்தக் கதவுகிட்ட?"



"மாடி பாத்ரூம்ங்க," என்றாள் நந்திதா. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன் ஆன்ட்டி. அங்கிளுக்கு வேற எங்கயும் வராதாமுங்க."